பெட்டியைக் கண்டு நடுங்கிய நாய்

அந்த நாய் எங்களுக்கு வீட்டோடு சேர்ந்து வந்தது. அறுபதுகளின் நடுவில் ஒரு மழை நாளில் தீவுத் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். சாவியோடு ஒரு சாமான் பட்டியலையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மரக்கட்டில் இரண்டு, மேசை ஒன்று, தண்ணீர் டிரம் ஒன்று என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. வராந்தாவில் கதவோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்த நாய் மட்டும் அதில் இல்லை.

என் வீட்டுக்காரர் துறைமுக வேலையில் ஸ்டோர் கிளார்க். பட்டியலில் இல்லாத பொருள் ஒன்று கண்ணெதிரே கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. பட்டியலை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோடதுன்னு கேளு" என்றார். பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக்காரப் பெண் இருந்தாள். அவளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. தீவுக்கு வந்து இந்தியும் தமிழும் கலந்து ஒரு பாஷை வைத்திருந்தாள். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்த குடும்பத்துக்கு கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு மாற்றலாகிவிட்டதாம். கப்பலில் நாயை ஏற்ற அனுமதி வாங்குவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டதாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வாரமாக அது அந்தக் கதவை விட்டு நகரவில்லை. இவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பவும் கதவடியில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம்.

சின்ன நாய். முறத்தில் வைத்தால் முறம் நிறையாது. காய்ந்த ஓலை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். முன்பு அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் நினைவில்லை. நாய்களுக்கு வைக்கிற பேர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதற்கும் திரும்பவில்லை. தட்டை வைக்கும்போது "இந்தா" என்று சொல்வேன் அல்லவா, அதற்குத் திரும்பியது. அதுவே பேராகிவிட்டது. வீட்டுக்காரரை நான் "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவேன். வருகிறவர்கள் எல்லாம், ஒருத்தருக்கு மட்டும் மரியாதை கூடுதல் என்று சிரிப்பார்கள். அவருக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ளமாட்டார்.

அதற்கு ஒரு வியாதி இருந்தது. வியாதி என்றுதான் சொல்லவேண்டும். நான் தண்ணீர் பிடிக்கப் போய் ஐந்து நிமிஷத்தில் திரும்பினாலும், ஐந்து வருஷம் கழித்து வந்தவளைப் பார்ப்பதுபோல் மேலே விழும். சுற்றிச் சுற்றி ஓடும், சேலைத் தலைப்பைக் கவ்வும், சந்தோஷம் தாங்காமல் தரையெல்லாம் நனைத்துவிடும். பிடித்த குடத்துத் தண்ணீர் பாதி அதைத் துடைக்கவே போய்விடும். இது நான் திரும்பி வந்தால். கிளம்பினாலோ வேறு கூத்து. நான் செருப்பில் காலை நுழைத்தவுடன் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். கதவைச் சாத்தினால் ஊளை. பலகைக் கதவின் அடிப்பகுதியைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வந்துவிடும். நான் கடைக்குப் போய்விட்டு ஹேடோ மேட்டில் ஏறும்போதே சத்தம் கேட்கும். எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்து, ஓடு ஓடு என்று கை காட்டுவார்கள்.

பெட்டி விஷயம் இதெல்லாவற்றையும்விட மோசம். கட்டிலுக்கு அடியில் எங்கள் டிரங்குப் பெட்டி இருந்தது. மழைக்காலத்தில் துணியெல்லாம் பூசணம் பிடித்துவிடும் என்று மாதம் ஒரு முறை பெட்டியை வெளியே இழுத்து வெயிலில் வைப்பேன். பெட்டி தரையில் உரசுகிற சத்தம் கேட்டால் போதும், நாய் ஓடிவந்து அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். இறக்கிவிட்டால் மறுபடியும் ஏறும். பல் கிட்டிப்போய் வாயோரம் எச்சில் வழியும். பெட்டி போனால் ஆள் போய்விடும் என்று அது ஒரு தடவையிலேயே கற்றுக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் கூத்து பிடித்திருந்தது. கல்யாணமாகி ஆறாம் மாதம் கப்பல் ஏறி வந்தவள் நான். திருநெல்வேலிப் பக்கம் வீடு நிறைய ஆட்களோடு பேசிப் பேசியே வளர்ந்தவளுக்கு, இங்கே காலையில் அவர் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை வாயைத் திறக்க ஆள் கிடையாது. அவரும் வந்தால் பேசுகிறவர் இல்லை. எண்ணி நாலு வார்த்தை பேசுவார். அம்மா எழுதிய கடிதம் கப்பல் வந்தால்தான் வரும், கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. இந்த நிலையில் நான் வந்தேன் என்பதற்காக ஒரு ஜீவன் தரையை நனைக்கிற அளவுக்குச் சந்தோஷப்பட்டால் யாருக்குத்தான் கசக்கும்? அதனால் கிளம்பும்போது அதன் முகத்தைக் கையில் ஏந்தி, "நான் எங்க போகப் போறேன் என் ராசா, கடைக்குத்தாம்ல, இந்தா வந்துருவேன், அழாம இரு" என்று கால் மணி நேரம் கொஞ்சுவேன். திரும்பி வந்ததும் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொரு கால் மணி நேரம். அது நடுங்கினால் என் பேச்சும் அழுகுரலாகிவிடும்.

எனக்கு நாள் தள்ளிப்போனதும்தான் இது பிரச்சினையானது. தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குப் போயாகவேண்டும். வயிறு பெரிதாகிவிட்டால் கப்பலில் ஏற்ற யோசிப்பார்கள் என்பதால் ஏழாம் மாதம் வருகிற கப்பலில் அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. அவருக்கு லீவு கிடையாது. துணைக்கு ஊர்க்காரக் குடும்பம் ஒன்று அதே கப்பலில் வருவதாக இருந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் நாயைக் காட்டிச் சொன்னார்.

"ஏளா, நீ போயிட்டேன்னா பகல் பூரா இது கதவைப் பிறாண்டிக்கிட்டே கெடக்கும். பக்கத்து வீட்டுக்காரன் நைட் டூட்டி பாத்துட்டு வாரான். அவன் பகல்ல தூங்காண்டாமா?"

பக்கத்து வீட்டுக்காரியின் புருஷனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. சரக்குக் கப்பல் வந்துவிட்டால் ராத்திரி முழுக்க வேலை, பகலில்தான் உறக்கம். நல்ல மனிதர், ஆனாலும் இரண்டு தடவை சிவந்த கண்ணோடு வாசலில் வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுதீங்க?" என்றேன்.

"உள்ள காடு வெட்டிக் குடியேத்துன செட்டில்மென்ட்டுல ஒருத்தர் கேட்டிருக்காரு. நெல்லுல காட்டுப் பன்னி எறங்குதாம். காவலுக்கு ஒரு நாய் வேணுங்காரு."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டேன். அந்தப் பன்றிகளை நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தா அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. ஒரு இரவுகூட அங்கே தங்காது. "பன்னிக்கு இரை போட என் நாய்தான் கெடச்சுதா?" என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. கீழே விழுந்த அகப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கப்பல் வாரதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள அது தனியா சத்தமில்லாம இருக்கப் பழகிட்டுன்னா நான் வச்சுக்கிடுதேன்" என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார். அதே மாதிரி, வேண்டாம் என்றாலும் மாறமாட்டார்.

முதல் பதினைந்து நாள் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். கட்டிப்போட்டேன், கயிற்றைக் கடித்தது. வயிறு நிறைய மீன் சோறு போட்டுவிட்டுக் கிளம்பினேன், அவ்வளவையும் கக்கிவைத்துவிட்டு அழுதது. பழைய பத்திரிகையைச் சுருட்டி ஒரு தட்டுத் தட்டினேன். அது என் காலடியில் வந்து மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. பத்திரிகையை அடுப்பில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ வேரைக் கட்டித் தாயத்துப் போலக் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதையும் தின்றுவிட்டது.

வழி தெரிந்தது ஒரு கோபத்தில்தான். ஒரு நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பினார். வழக்கம்போல எழுந்தார், சட்டையை மாட்டினார், குடையை எடுத்தார், போனார். என்னிடமும் ஒரு வார்த்தை இல்லை, நாயிடமும் இல்லை. 'போகிறவருக்கு ஒரு போயிட்டு வாரேன் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?' என்று பொருமிக்கொண்டே திரும்பினேன். நாய் கட்டிலடியில் சுருண்டு படுத்திருந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவர் தினமும் இப்படித்தான் போகிறார், அது ஒரு நாளும் அவருக்காக ஊளையிட்டதில்லை. அவர் திரும்பி வந்தாலும் வாலை நாலு தரம் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். நாயை நடுங்கவைத்தது நான்தான். முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நான் அழுகுரலில் பேசப் பேச, ஏதோ பெரிய ஆபத்து வருகிறது என்று அதற்குப் புரிந்திருக்கிறது. பாசம் என்று நினைத்து இத்தனை நாளும் அதைப் பயமுறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நாய்மேல் இரக்கத்தைவிட அவர்மேல் எரிச்சல்தான் அதிகம் வந்தது.

மறுநாளே ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். வந்ததும் அதைப் பார்க்கக் கூடாது. அது குதிக்கும், கவ்வும், நனைக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு முறத்தை எடுத்து உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவேன். எங்களுக்கு வந்த அரிசியில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. அரிசி முறத்தில் புரளுகிற சத்தம் கேட்டுக் கேட்டு, அது மெல்ல அடங்கி என் முழங்காலோரம் வந்து படுக்கும். அப்போதுதான் கையை நீட்டி, காதுக்குப் பின்னால் மெதுவாகத் தடவிக்கொடுப்பேன், பேசாமல். பத்து இருபதாயிற்று, இருபது நூறாயிற்று. அதற்கு இது கஷ்டம் என்றால் எனக்கு அதைவிடக் கஷ்டம். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராதது. ஆசையாக ஓடிவருகிற ஒன்றைப் பார்க்காததுபோல இருந்து பாருங்கள், தெரியும். சில நாள் கல் பொறுக்கிக்கொண்டே அழுதிருக்கிறேன்.

செருப்புப் பயம் குறைந்தது. பிறகு பெட்டியைக் கையிலெடுத்தேன். பெட்டி என்றால் ஒன்றுமில்லை என்று அதற்குத் தெரியவேண்டும். அதற்கு ஒரே வழி, பெட்டியைத் தினமும் எடுப்பதுதான். காலையில் அவர் போனதும் பெட்டியை இழுத்து நடுவீட்டில் வைத்து, துணிகளை மடித்து அடுக்கிக் கட்டுவேன். மத்தியானம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டிலில் போடுவேன். நாய் முதல் வாரம் பெட்டிமேலேயே குடியிருந்தது. நான் அதை இறக்கவில்லை, அதோடு சேர்த்தே மூடியைத் திறக்கப் பழகினேன். இன்னும் கொஞ்ச நாள் போனதும் பெட்டியைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டு, நல்ல சேலை கட்டி, மரைன் ஹில் பாதையில் பாதி தூரம் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவேன். கனத்த பெட்டியைத் தூக்கக் கூடாது என்பதால் உள்ளே இரண்டு சேலை மட்டும் வைப்பேன். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

தீவில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது மெயின்லேண்டுக்குப் போகிறார்கள் என்றால் அவர்கள் கையில் எல்லோரும் ஏதாவது கொடுத்துவிடுவார்கள். தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேருமோ, ஆள் கையில் கொடுத்தால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. கிளம்புகிறவர் பெட்டியில் அவருடைய துணிக்கு இடம் இருக்காது. ஊராருடைய சங்கும் சோழியும் கருவாடும்தான் இருக்கும். நான் வயிறும் பிள்ளையுமாக நல்ல சேலை கட்டிக்கொண்டு பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டுத் தினமும் துறைமுகம் தெரிகிற பாதையில் போய் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்? ஒரு நாள் சாயங்காலம் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். பாதிப் பேர் கையில் பொட்டலம். ஒருத்தி தங்கச்சிக்குச் சங்கு மாலை, ஒருத்தி மாமியாருக்குப் படாக் என்ற தீவு மரத்தில் செய்த பூரிக்கட்டை. இன்னொருத்தி நாலு கடிதம் கொண்டுவந்திருந்தாள், மெட்ராஸில் இறங்கியதும் தபால் பெட்டியில் போடவேண்டுமாம். பொட்டலம் கொண்டுவராதவர்கள் என்னைச் சமாதானம் செய்ய வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவி பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா, அண்ணாகூட ஜகடாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேட்ல பச்சா இருக்கு அக்கா. இப்போ கோவிச்சிட்டு மெயின்லேண்ட் போகக் கூடாது. அண்ணா அச்சா ஆத்மி."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டு போகாதே, அவர் நல்ல மனிதர் என்கிறாள் என்று விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாயைப் பழக்குதேன்" என்றேன். ஆறு பேரும் ஒரே நேரத்தில் நாயைப் பார்த்தார்கள். அது பெட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்துக் கொட்டாவி விட்டது. அவர்களில் ஒருவரும் நான் சொன்னதை நம்பவில்லை. சமாதானம் செய்ய வந்தவர்கள் அவர் வரும்வரை உட்கார்ந்திருந்து, வேலையிலிருந்து களைத்து வந்த மனிதரிடம் மனைவியை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று மூன்று பாஷையில் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்கள். அவர் குடையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏளா, நாயைப் பழக்கச் சொன்னேன், ஊரைக் கூட்டவா சொன்னேன்?" என்றார். அன்றைக்கு ராச்சாப்பாடு முடிகிறவரை எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். பொட்டலங்களை எவரும் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. எப்படியும் ஒரு நாள் போவீர்கள் அல்லவா, இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

இன்னும் சில நாள் கழித்து ஒரு நாள் நண்பகலுக்குமேல் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மேட்டில் ஏறினேன். மழை விட்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. நாய்க்கு என்ன ஆயிற்றோ? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் கிரேன்காரர் எழுந்து நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாலே நன்றாகத் தூங்கி எழுந்தவர் என்று தெரிந்தது. "ஆஜ் குத்தா கிதர்?" என்று கேட்டார், நாய் எங்கே போயிற்று என்று. கதவைத் திறந்தேன். கட்டிலடியில் இருந்த இடத்திலேயே படுத்திருந்தது. எழுந்து உடம்பை நீட்டி முறித்து, மெதுவாக வந்து என் காலை ஒரு தரம் நக்கியது. தரை காய்ந்திருந்தது. நான் வழக்கப்படி பேசாமல் முறத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு கல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பரீட்சையில் ஜெயித்த பிள்ளையைப் பார்க்கிற அம்மாவுக்கு இருக்கிற சந்தோஷம் எனக்கு. அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "சரி, நான் வச்சுக்கிடுதேன்" என்றார். அந்த ஒரு சொல் போதும், செட்டில்மென்ட்காரருக்கு வேறு நாய் பார்க்கச் சொல்லி மறுநாளே ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டார்.

கப்பல் பத்து நாள் தாமதமாக வந்தது. முந்தின நாள் எங்கள் வரிசைப் பெண்கள் சேர்ந்து எனக்கு வளையல் போட்டார்கள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும். கிளம்புகிற அன்று காலையில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டேன். "போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன்" என்று பத்து வீட்டில் சொல்லியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரி அழுதாள். "நீ அழாத, நாலஞ்சு மாசத்துல பிள்ளையத் தூக்கிட்டு வந்துருவேன், இந்தாவைப் பாத்துக்க" என்றேன்.

பிறகு வீட்டுக்குள் வந்தேன். பெட்டி வராந்தாவில் இருந்தது, தினமும் இருக்கிற இடத்தில். நாய் கட்டிலடியில் படுத்திருந்தது. அதன் முகத்தைக் கையில் எடுத்து ஒரு தரம் பேசிவிட்டுப் போகவேண்டும் என்று எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத வரவில்லை. பேசியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். வளையல் குலுங்காமல் இருக்க இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். செருப்பை மாட்டினேன். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, மூடிக்கொண்டது. நான் கதவைச் சாத்தினேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கப்பல் துறை வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா என்று அவரே கேட்டார். அவர் வாயைத் திறந்து ஒன்று கேட்டது அபூர்வம்.

ஊரில் பெண் குழந்தை பிறந்தது. அவர் கடிதத்தில் நாலு வரி இருந்தால் ஒரு வரி நாயைப் பற்றி இருக்கும். சத்தம் இல்லை, சாப்பிடுகிறது, சுகம். அவர் இவ்வளவு எழுதுவதே பெரிய விஷயம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்பலாம் என்று கப்பலுக்காகக் காத்திருந்தேன். பிள்ளையை நாய் எப்படிப் பார்க்கும், பிள்ளை நாயை எப்படிப் பார்க்கும் என்று அம்மாவிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த நேரத்தில் அவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. உடனே வந்து சேரவேண்டும். நான் போகவேண்டிய கப்பல் அவரைக் கொண்டுவந்து இறக்கியது. அந்தத் தீவுக்கு அதன் பிறகு நான் போகவேயில்லை.

வாசலில் வந்து நின்றவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு முதலில் கேட்டது நாயைத்தான். அனுமதி கேட்டிருக்கிறார், கிடைப்பதற்குள் கப்பல் கிளம்புகிற நாள் வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் ஆசையாக வாங்கிக்கொண்டார்களாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுவதற்காக அவர் சொன்னார். "நீ ஒண்ணும் வருத்தப்படாத. பெட்டியத் தூக்குனேன், அது தலையைக்கூடத் தூக்கலை. அவ்வளவு நல்லாப் பழக்கியிருக்க."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பயணக் களைப்போடு வந்தவரை நிற்கவைத்துவிட்டு அழுவாயா என்று அம்மா சத்தம் போட்டாள்.

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி யாரிடமோ சொல்லி எழுதச் செய்து ஒரு கடிதம் அனுப்பினாள். ஊருக்குப் போகிற யாரோ கையில் கொடுத்துவிட்டிருந்தாள். நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, அவள் புருஷன் அதைக் காலடியிலேயே படுக்கவைத்துக்கொள்கிறார், ஒரு தொந்தரவும் இல்லை. நான் கடையிலிருந்து திரும்புகிற நேரம் ஆனால் மட்டும் பூட்டியிருக்கிற எங்கள் வீட்டுப் படியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்குமாம். அழாது, கதவைத் தொடாது, இருட்டியதும் தானே எழுந்து வந்துவிடுமாம். இவ்வளவு அடக்கமான நாயை இந்தப் பக்கத்திலேயே பார்த்ததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாள்.

பெட்டி போனால் ஆள் போய்விடும் என்று அது முதலில் கற்றுக்கொண்டதுதான் சரி. அது தப்பு என்று இரண்டு மாதம் மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். அது என்னை நம்பியது. அந்தக் கதவை அது ஒரு நாளாவது பிறாண்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இவ்வளவு வலித்திருக்காது.